ஜிஎஸ்டி அப்பீல் கெடு முடிந்துவிட்டது: ஹைகோர்ட் ரிட்டை ஏற்குமா?

கணக்குப்புள்ளி:
விருதுநகர் டீலர் ஒருவருக்கு 2020-21க்கு ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 73-ல் வரி கட்டச் சொல்லி ஆணை. டீலர் போட்ட 3பி ரிட்டர்னுக்கும் சப்ளையர்கள் காட்டியதை வைத்து வரும் 2ஏ பட்டியலுக்கும் ஐடிசி (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) வித்தியாசம், வரி மட்டும் 6,40,000 ரூபாய். ஆணையின் சுருக்கப் படிவமான டிஆர்சி-07 ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏறியது 20.02.2025. பார்த்தது ஜூலையில், பேங்க் கணக்கை முடக்கிய பிறகுதான். இனி அப்பீலைப் போர்ட்டல் ஏற்காது என்கிறார்கள். சிவில் கோர்ட்டா, ரிட்டா (ஹைகோர்ட்டில் நேரடி மனு)?

வரிவழக்கு:
சிவில் கோர்ட்டை மறந்துவிடுங்கள் சார், பிரிவு 162 அந்தக் கதவை அடைத்துவிட்டது. பிரிவு 107-ல் மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம். உங்களுக்கு மே 20, பிறகு ஜூன் 20. அதைத் தாண்டி ஒரு நாளைக்கூட மன்னிக்க அப்பீல் அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது. லிமிடேஷன் சட்டம் பிரிவு 5-ஐக் காட்டினாலும் எடுபடாது. திருத்த மனு (பிரிவு 161) போடும் மூன்று மாதமும் போய்விட்டது. பதிவேட்டிலேயே தெரியும் பிழை இருந்தால் அதிகாரி தானாகத் திருத்த ஆகஸ்ட் 20 வரை வழியுண்டு; ஐடிசி தகராறு அந்த ரகம் இல்லை.

மிச்சம் அரசியலமைப்பு 226-ன் கீழ் ஹைகோர்ட் ரிட் மட்டும்தான். உங்கள் ஊருக்கு மதுரைக் கிளை.

செல்வி_அட்வகேட்:
226-லும் ஒரு எல்லை இருக்கிறது. 2020-ல் கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: சட்டம் கொடுத்த உச்சக் கெடு முடிந்தபின், கஷ்டத்தை மட்டும் காட்டி வரும் ரிட்டை ஹைகோர்ட் ஏற்கக்கூடாது. ஆகவே "போர்ட்டலைப் பார்க்கவில்லை, தாமதத்தை மன்னியுங்கள்" என்று மனு எழுதினால் அட்மிஷனிலேயே (மனுவை விசாரணைக்கு ஏற்கும் கட்டத்திலேயே) தள்ளுபடி ஆகிவிடும். பலர் தோற்பது இங்கேதான்.

சுப்ரீம் கோர்ட்டின் வேர்ல்பூல் தீர்ப்பு (1998) காட்டும் விலக்குகளில் ஒன்றைப் பிடியுங்கள்: அதிகார வரம்பு இல்லாத ஆணை, இயற்கை நீதி மீறல் (உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுப்பது போல), அடிப்படை உரிமை, சட்டத்தின் செல்லுபடி. உங்கள் கேஸில் இரண்டாவதுதான். ஆணைக்கு முன் வந்த நோட்டீஸ் படிவமான டிஆர்சி-01-ஐத் திறந்து பர்சனல் ஹியரிங் (நேரில் வாதம் சொல்லும் வாய்ப்பு) தேதிக் கட்டத்தைப் பாருங்கள். "என்ஏ" (பொருந்தாது) என்று இருந்து, பிறகும் தனி ஹியரிங் நோட்டீஸ் வரவில்லை என்றால், பிரிவு 75(4) மீறல் அந்தத் தாளிலேயே இருக்கிறது. பாதகமான ஆணை போடுவதென்றால், டீலர் கேட்காவிட்டாலும் ஹியரிங் தந்தே ஆகவேண்டும்.

2ஏ கணக்கு சரியா தவறா என்று நீதிபதி பார்க்கமாட்டார். அதை மனுவில் பத்துப் பக்கம் எழுதாதீர்கள்; ரிமாண்ட் ஆகி விஷயம் அதிகாரியிடமே திரும்பியபின் அவரிடம் பேசுங்கள்.

கணக்குப்புள்ளி:
ஹியரிங் கட்டத்தில் "என்ஏ"தான் மேடம். நோட்டீஸ் முழுக்க போர்ட்டலில் மட்டுமே, தபால் எதுவும் வரவில்லை.

வரிவழக்கு:
போர்ட்டலில் ஏற்றுவதும் பிரிவு 169-ல் செல்லும், தபால் வரவில்லை என்ற வாதத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆனால் பதில் வராதபோது பதிவுத் தபால் போன்ற வழிகளையும் முயன்றிருக்க வேண்டும் என்று மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லியிருக்கிறது. ஹியரிங் வாதத்துக்குத் துணையாக வையுங்கள்.

பணம் தயாராக இருக்கட்டும். ஆணையை ரத்து செய்து திருப்பி அனுப்பும்போது பெரும்பாலும் தகராறு வரியில் 10 அல்லது 25 சதவீதம் கட்டச் சொல்வார்கள். உங்களுக்கு 64,000 அல்லது 1,60,000. கொடுத்த நாளுக்குள் கட்டாவிட்டால் பழைய ஆணை உயிர்பெறும்படி எழுதுவதும் உண்டு. பேங்கில் ஏற்கெனவே பிடித்த தொகை இருந்தால் ஸ்டேட்மென்ட்டை இணைத்து அதைக் கழிக்கக் கேளுங்கள். கணக்கு முடக்கத்தை நீக்கும் கோரிக்கையைத் தனியாக எழுத்தில் கேட்கவேண்டும். ஆணை ரத்தாகியும் பேங்குக்குக் கடிதம் போகாமல் கணக்கு அப்படியே கிடக்கும்.