ஒற்றைத் தலைவலியோடு துணிக்கடை வேலை: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தேவி, தண்டையார்பேட்டை:

எல்லோருக்கும் வணக்கம். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 31. கல்யாணத்துக்கு முன்பே எப்போதாவது தலைவலி வரும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தது. இப்போது வாரத்தில் பாதி நாள் வலியோடுதான் போகிறது.

வரப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கொட்டாவி கொட்டாவியாக வரும், பின் கழுத்து இறுகும், காரணமே இல்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். அப்புறம் வலது பொட்டில் ஆரம்பித்து கண்ணுக்குப் பின்னால் போய் விண் விண்ணென்று தெறிக்கும். படி ஏறினாலும், குனிந்து புடவைக் கட்டைத் தூக்கினாலும் இன்னும் கூடும். கடை முழுக்க வெள்ளை விளக்கு. பட்டுப் புடவையை விரித்துக் காட்டும்போது ஜரிகை வெளிச்சம் கண்ணில் குத்தும். புதுத் துணியின் கஞ்சி வாசனை, வருகிறவர்கள் போட்டிருக்கும் சென்ட், எதையும் தாங்க முடியாது. மாத விலக்குக்கு முந்தைய இரண்டு நாள் கட்டாயம் வரும்.

வாந்தி எடுத்தால் கொஞ்சம் அடங்கும். அதனால் இது பித்தம் என்கிறார் மாமியார். சுக்கு உரைத்துப் பற்றுப் போடுவார். அன்போடுதான் செய்கிறார், ஆனால் அந்த நெடியே எனக்குக் குமட்டுகிறது. பக்கத்து கிளினிக்கில் சைனஸ் என்றார்கள். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை என்று கேட்டால் அட்டையில் நாலைந்தைக் கத்தரித்துத் தருகிறார்கள். முன்பு ஒன்று போட்டால் நின்றுவிடும். இப்போது காலையில் எழும்போதே வலிக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் மதியச் சாப்பாட்டுக்கு 3 மணிக்கு மேல் ஆகிவிடும். நாள் முழுக்க நின்றபடிதான். "தலைவலிதானே, ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா" என்பார் சூப்பர்வைசர். வீடு ஒரே அறை, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கவும் வழியில்லை. வேலையை விட முடியாது. இந்த வலியோடு தினப்படி எப்படி ஓட்டுகிறீர்கள்? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

மாவுக்கடை அக்கா, ராயபுரம்:

தேவிம்மா, நீ எழுதியதைப் படித்ததும் மாவு அளக்கும் வேலையை மகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். எனக்கு வயசுப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்தே இந்த வலி உண்டு. வலி வந்த நாளில் கிரைண்டர் சத்தம் என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன். அடிக்கடி போடுகிற வலி மாத்திரையே தலைவலியைத் தினமும் கொண்டுவரும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர் இதை எனக்கு நிதானமாக விளக்கினார். காலையில் கண் விழிக்கும்போதே வலிப்பது, முன்பு கேட்ட மாத்திரை இப்போது கேட்காமல் போவது, இரண்டும் அதன் அடையாளம் என்றார். நீயாகத் திடீரென்று நிறுத்தாதே. நிறுத்திய புதிதில் வலி கூடும், அந்த நாட்களுக்கு அவர்களே வேறு மருந்து தருவார்கள்.

வலி வராமல் தடுக்க என்று தினமும் சாப்பிடுகிற மாத்திரை தனியாக இருக்கிறது. எனக்கு எழுதியது ப்ராப்ரனலால். வீசிங் உண்டா என்று கேட்ட பிறகுதான் எழுதினார், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது கூடாது. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பலன் இல்லை என்று பாதியில் விட்டுவிடாதே, இதைத்தான் உன்னிடம் கெஞ்சிக் கேட்பேன். எனக்கு வலி அடியோடு போகவில்லை. ஆனால் வருவது பாதிக்குப் பாதி குறைந்தது, வந்தாலும் ஆளைச் சாய்ப்பதில்லை.

சுவரில் மாதக் காலண்டர் மாட்டி வை. வலித்த நாளில் சிவப்பில் ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளில் நீலத்தில் ஒரு கோடு. விலக்கு வந்த நாளையும் குறி. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

சாப்பாட்டு நேரம் தவறவே கூடாது. 3 மணி வரை பசியோடு நிற்காதே. ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை உருண்டையோ முந்தானையில் முடிந்துகொண்டு போ, 11 மணிக்கு ஒரு வாய் போடு. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று குடிக்காமல் இருக்காதே. டீயும் இத்தனை என்று கணக்காக இருக்கட்டும், ஒரு நாள் நாலு, மறுநாள் ஒன்று என்று மாறினால் அதுவே இழுத்துவிடும். லீவு நாளில் 10 மணி வரை தூங்குவதும் அப்படித்தான். மற்ற நாளில் எழுகிற நேரத்துக்கே எழுந்துவிடு.

எங்களுக்கும் ஒரே அறைதான். வலி வந்தால் பருத்திப் புடவைத் துண்டை நாலாக மடித்து நனைத்துக் கண்ணை மூடிக் கட்டிக்கொள்வேன். டிவி சத்தம் குறைந்துவிடும், கேட்க வேண்டியதே இல்லை. அப்படி ஆனதற்குக் காரணம், வலி இல்லாத ஒரு நாளில் எல்லோரையும் உட்காரவைத்து என்ன வலி, என்ன செய்தால் கூடுகிறது என்று சொன்னதுதான். வலிக்கும்போது யாராலும் விளக்க முடியாது. ராத்திரி மணலித் தொழிற்சாலைப் பக்கத்துக் காற்றில் நெடி வந்தால் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். மாமியாரோடு சண்டை வேண்டாம். சுக்குக்குப் பதிலாக, அதே கையால் பின் கழுத்தை அமுக்கிவிடச் சொல். அவருக்கும் மனம் நிறையும்.

டிரெய்லர் ஓட்டுநர், எண்ணூர்:

தங்கச்சி, ஆம்பளைகளுக்கும் இது வரும். எனக்கு வலிக்கு முன்னால் கண்ணில் வரும். பார்வை ஓரத்தில் ஒரு புள்ளி மின்னி, ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து விரியும். எதிரே வரும் வண்டி பாதிதான் தெரியும். கண்டெய்னர் வரிசையில் நிற்கும்போது வந்தால் பரவாயில்லை. ஓட்டும்போது வந்தால் உடனே ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுவேன். அரைமணி நேரத்தில் கண் தெளிந்துவிடும், அதன் பிறகுதான் வலி. முதல் தடவை வந்தபோது பக்கவாதம் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடியதுதான் சரி என்றார் டாக்டர். முதல் தடவை அப்படி வருகிற யாரும் வீட்டில் இருந்து பார்க்கக் கூடாது.

மருந்தாளுநர், வியாசர்பாடி:

தேவி, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஒற்றைத் தலைவலியோடு பொருந்துகின்றன. சைனஸ் என்று சொல்லப்படும் தலைவலிகளில் பல உண்மையில் இதுதான். உறுதி செய்ய வேண்டியவர் டாக்டர்.

அந்த மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வெறும் பாராசிட்டமால், இப்யூப்ரோஃபென் போன்றவை என்றால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போடுவது ஆபத்து. பல மருந்து கலந்த மாத்திரை, அல்லது ஒற்றைத் தலைவலிக்குத் தரும் எர்கோட்டமைன், டிரிப்டான் வகை என்றால் 10 நாளே எல்லை. மூன்று மாதத்துக்கு மேல் இந்த அளவு தொடர்ந்தால், அக்கா சொன்ன மாத்திரைத் தலைவலியாக அது மாறக்கூடும்.

சுமாட்ரிப்டான், ரைசாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் மாத்திரைகள் ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ளவை. வலி லேசாக ஆரம்பிக்கும்போதே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. எர்கோட்டமைன் போட்ட 24 மணி நேரத்துக்குள் போடவும் கூடாது. அதனால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். வலி நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும், மாத்திரை சீக்கிரம் உடம்பில் சேராது. அதற்காகத்தான் குமட்டலை நிறுத்தும் மருந்தையும் சேர்த்துத் தருவார்கள்.

இன்னொன்று. அண்ணன் சொன்னது போல் கண்ணில் மின்னல் வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடக் கூடாது, பக்கவாத அபாயம் கூடும். டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பழகிய வலி அதே மாதிரி வந்துபோனால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் வலி, இவற்றில் எது என்றாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேவி, தண்டையார்பேட்டை:

அட்டையைப் பார்த்தேன். எர்கோட்டமைன், கஃபீன், பாராசிட்டமால் எல்லாம் கலந்தது. படித்ததும் கை நடுங்கிவிட்டது. இந்த வாரமே ஸ்டான்லி போகிறேன். கடையில் சாப்பாட்டு நேரத்தையும் கேட்டுவிடுவேன். உட்கார மட்டும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பில் போடுகிறவன், பழைய வண்ணாரப்பேட்டை:

தயங்காமல் கேளுங்கள் அக்கா. கடை ஊழியர் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தினார்கள். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு. நாள் முழுக்க ஊழியர்களை நிற்கவைக்கக் கூடாது என்பதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், உங்கள் பிரிவுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போங்கள். ஆள் வராத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் போதும் என்று கேளுங்கள். எங்கள் கடையில் அப்படிக் கேட்டுத்தான் போட்டார்கள்.

மாவுக்கடை அக்கா, ராயபுரம்:

நல்லது தம்பி. தேவிம்மா, ஸ்டான்லிக்குக் காலையிலேயே போய்விடு, ஓ.பி. சீட்டு வரிசை நீளமாக இருக்கும். வெறும் வயிற்றோடு போய் நிற்காதே, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ. அந்த அட்டையையும் கையில் எடுத்துக்கொள். மாத்திரையை அங்கேயே இலவசமாகத் தருவார்கள். கூட வர ஆள் இல்லை என்றால் இங்கே எழுது, நான் வருகிறேன்.