எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு (அனுபவப் பகிர்வு)

முதல் பதிவு (ஸ்லீவ் செய்துகொண்டவர்)

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆண்டைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். எடை நின்றுபோய், பிறகு மெல்ல ஏறத் தொடங்கும் ஆண்டுகளைப் பற்றி எழுதுவோர் குறைவு. எனக்கு உதவிய இரு சந்திப்புகளை அதனால்தான் இங்கே பகிர்கிறேன்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் உடன் போய்விடுகிறது. தொடக்க மாதங்களில் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும் என்று எனக்கு நானே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் பசி திரும்பியது, எடையும் சிறிது ஏறியது. அறுவை சிகிச்சை பலனளிக்காமல் போய்விட்டதோ என்ற அச்சத்துடன் மருத்துவரிடம் சென்றேன்.

அவர் எடுத்துக்காட்டியது 1987-இல் ஸ்வீடனில் தொடங்கப்பட்ட நீண்டகால ஆய்வை. அதில் பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, உணவு சிறுகுடலின் முதற்பகுதியைத் தாண்டிச் செல்லுமாறு இணைக்கும் மற்றொரு எடைக் குறைப்பு முறை) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதத்தை இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. ஓரளவு எடை திரும்புவது உடலின் இயல்பு என்றும், எடை குறைந்த உடல் முன்பைவிடக் குறைந்த ஆற்றலையே செலவிடுகிறது என்றும், சிறிய ஏற்றத்தைத் தோல்வியாகக் கருதாமல் அது தொடர்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். பல மாதங்களாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த குற்றவுணர்ச்சி அன்றுதான் குறைந்தது.

அடுத்து உணவியல் நிபுணரைச் சந்தித்தேன். சாப்பாட்டின் அளவைத்தான் விசாரிப்பார் என்று எண்ணிச் சென்ற என்னிடம், காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை உட்கொள்ளும் ஒவ்வொன்றையும் நேரத்துடன் எழுதி வருமாறு அவர் கூறினார். எழுதிப் பார்த்தபோது உணவுவேளைகளில் குறை காணவில்லை; இடையிடையே வந்துபோன பிஸ்கட்டும் பழச்சாறும் பால் கலந்த பானங்களுமே பக்கத்தை நிரப்பியிருந்தன. சிறுத்துவிட்ட இரைப்பை ஒரே வேளையில் அதிகம் உண்பதைத் தடுக்குமே தவிர, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதையோ, எளிதில் இறங்கிவிடும் இனிப்புப் பானங்களையோ தடுக்காது. எடை திரும்புவதற்கான காரணங்களில் இந்தக் கொறிக்கும் பழக்கத்துக்குப் பெரும் இடம் உண்டு என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அன்று முதல் புரதத்தை முதலில் சாப்பிடுகிறேன். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. உணவுக்குப் பின் அரை மணி நேரம் எதுவும் குடிப்பதில்லை. வாரம் ஒருமுறை எடை பார்க்கிறேன். ஏறிய எடையில் ஒரு பகுதி இறங்கி, இப்போது நிலையாக இருக்கிறது.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது வேறொன்று. மருத்துவமனையில் காத்திருந்தபோது, எடை திரும்பிய வெட்கத்தால் தொடர் பரிசோதனைகளையே நிறுத்தியிருந்த ஒருவரைச் சந்தித்தேன். கடும் சோர்வு தாங்க முடியாமல் வந்திருந்த அவருக்கு இரும்புச் சத்தும் வைட்டமின் பி12-உம் மிகவும் குறைந்திருந்தன. எடையைப் பற்றிய கூச்சம் இரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போட வைத்துவிடுகிறது. எடை ஏறியவர்களே, தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மறுமொழி (பைபாஸ் செய்துகொண்டவர்)

எனக்கு இனிப்பு உண்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வியர்வையும் நடுக்கமும் வந்துகொண்டிருந்தன. பசி என்று எண்ணி மீண்டும் இனிப்பையே தேடினேன், எடையும் கூடியது. பைபாஸுக்குப் பிறகு சிலருக்கு, உணவுக்குப் பின் இன்சுலின் அதிகமாகச் சுரந்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்று மருத்துவர் கண்டறிந்து விளக்கினார். இனிப்பை விலக்கி, மாவுச்சத்தைக் குறைத்து, அதைப் புரதத்துடன் சேர்த்தே உண்ணத் தொடங்கிய பின் நடுக்கம் அரிதாகிவிட்டது. இத்தகைய அறிகுறி உள்ளவர்கள் அதை வெறும் பசி என்று விட்டுவிட வேண்டாம். மதுவைப் பற்றியும் ஒரு சொல்: பைபாஸுக்குப் பின் அது இரத்தத்தில் மிக விரைவாகக் கலக்கிறது, பழக்கமாக மாறும் ஆபத்தும் கூடுகிறது. நான் முற்றிலும் தவிர்த்துவிட்டேன்.

மறுமொழி (ஸ்லீவ் செய்துகொண்ட மற்றொருவர்)

உணவை ஒழுங்குபடுத்திய பிறகும் எனக்கு எடை ஏறிக்கொண்டே இருந்தது. வேறொரு நோய்க்காகத் தொடங்கிய ஸ்டீராய்டு மாத்திரையும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதி, அந்த மருந்தை எழுதித் தந்த நிபுணருடன் பேசி அளவை மாற்றினார். ஆகவே பரிசோதனைக்குச் செல்லும்போது நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை இறங்கும்போது கொழுப்புடன் தசையும் குறைவதால், நடைப்பயிற்சியோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறேன். இவற்றுக்குப் பிறகும் எடை கட்டுக்குள் வராதவர்களுக்கு பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் போன்ற ஊசி மருந்துகளோ, மறு அறுவை சிகிச்சையோ பரிசீலிக்கப்படுவதுண்டு. அவை தமக்குப் பொருந்துமா என்பதை அடுத்த சந்திப்பிலேயே தயங்காமல் கேட்கலாம்.