ஐ.சி.யூ. அலாரமும் என் வீணைப் பயிற்சியும்

வீணை கற்ற பொறியாளர்:
பதினோரு ஆண்டுகள் வீணை கற்ற நான், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கட்டிலருகே வைக்கப்படும் மானிட்டர்களை வடிவமைக்கும் நிறுவனமொன்றில் சேர்ந்தபோது, அலாரம் ஒலிகளை என்னிடமே ஒப்படைத்தார்கள். ஐ.இ.சி. 60601-1-8 என்னும் பன்னாட்டுத் தரநிலையின் 2006-ஆம் ஆண்டுப் பதிப்பில், எந்தக் கோளாறுக்கு எந்த மெட்டு என்று ஒரு பட்டியலே உண்டு. உடல் வெப்பத்துக்கு ஸ ரி க – ம ப. இதயத்துக்கு ஸ க ப – ப ஸ. ஆக்சிஜனுக்கு மேல் ஸட்ஜத்திலிருந்து ஸ நி த – ப ம என்று இறங்கும். ஏறக்குறைய அத்தனையும் சங்கராபரண ராகத்தின் சுரங்கள் என்பதால் தேநீர் ஆறுவதற்குள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அந்த எளிமைதான் என்னை ஏமாற்றியது.

இரவுப் பணியிலிருந்த மூத்த செவிலியர் ஒருவரிடம் அவற்றை ஒலிக்கவிட்டு, "எது எதற்கு, சிஸ்டர்?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது, தம்பி. சத்தம் வந்தால் நான் திரையைத்தான் பார்ப்பேன்" என்றார். சுரம் பிரித்துக் கேட்பது பல ஆண்டுப் பயிற்சியால் வருவது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். 2020-இல் வந்த திருத்தம் அந்த மெட்டுகளுக்குப் பதிலாக இதயத் துடிப்பு, மாத்திரைக் குப்பி குலுங்கும் ஓசை போன்றவற்றைக் கொண்டுவந்தபோது, உள்ளூர வருத்தப்பட்டாலும் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வீணை முற்றிலும் வீணாகவில்லை. ஒற்றை அதிர்வெண் மட்டும் கொண்ட ஒலி எந்தக் கட்டிலிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் தரநிலை, அடிப்படை அதிர்வெண்ணோடு சேர்ந்து ஒலிக்கும் அதன் மடங்குகளான கிளைச்சுரங்களையும் கேட்கிறது. தம்புராவின் ஒரே தந்தியில் பல சுரங்கள் எழக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த விதி ஏன் என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வயலின் கற்ற பொறியாளர்:
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு, சார். ஆக்சிஜன் அளவு குறையக் குறையப் பல்ஸ் ஆக்சிமீட்டரின் ஒலியும் சுருதி இறங்கும். மயக்க மருத்துவர் திரையைப் பாராமலே அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் முன்மாதிரியில் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் ஒரே அளவு ஹெர்ட்ஸ் குறையும்படி நிரல் எழுதியிருந்தார்கள். காதோ விகிதத்தைத்தான் கேட்கிறது. எந்தச் சுருதியில் பாடினாலும் ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் 2:3 தானே? ஆகவே 98-இலிருந்து 97-க்கு இறங்கும் படி, முந்திக்கொண்டு எச்சரிக்க வேண்டிய அந்த இடத்திலேயே, அதற்குக் கீழுள்ள எல்லாப் படிகளையும்விடச் சிறியதாகக் காதில் விழுந்தது. கூட்டத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. மறுநாள் வயலினை எடுத்துச் சென்று இரு வகைப் படிகளையும் வாசித்துக் காட்டிய பிறகே, நிரலில் இருந்த கழித்தலை வகுத்தலாக மாற்றினார்கள்.