மைக்ரோபயோம் டேட்டாவுக்கு டி-டெஸ்ட் போட்டது தப்பா?

கேள்வி:
நோயாளிங்க 20, நல்லா இருக்கிறவங்க 20, மொத்தம் 40 பேரோட குடல் மைக்ரோபயோம் (அங்க வாழற நுண்ணுயிர்க் கூட்டம்) சாம்பிள், 16எஸ் சீக்வென்சிங் (பாக்டீரியாவோட ஒரு ஜீனைப் படிச்சு எது எதுன்னு கண்டுபிடிக்கிறது) முடிஞ்சு டேபிள் கையில வந்துடுச்சு. சுமார் 600 வகை பாக்டீரியா, பாதிக்கு மேல கட்டத்துல ஜீரோதான். ஒரு சாம்பிள்ல 8,000 ரீட் (படிச்ச டிஎன்ஏ துண்டு), இன்னொண்ணுல 90,000. அதனால எல்லாத்தையும் சதவீதமா மாத்தி ஒவ்வொண்ணுக்கும் டி-டெஸ்ட் (ரெண்டு குழுவோட சராசரியை ஒப்பிடற சோதனை) போட்டேன், 70 வித்தியாசம்னு காட்டுது. கைடு நம்ப மாட்டேங்கறார், ஏன்னு புரியல. யாராச்சும் சொல்லுங்களேன்.

பதில் 1:
கைடு சொல்றது சரிதான் தம்பி. சதவீதம்னாலே எல்லாம் 100க்குள்ள அடங்கணும், ஒண்ணு ஏறினா மத்தது இறங்கித்தான் ஆகணும். அ, ஆ, இ மூணும் தலா 100 செல்னு வச்சுக்கங்க, ஒவ்வொண்ணும் 33 சதவீதம். அ மட்டும் 400 ஆயிடுச்சு, மத்த ரெண்டும் அசையவே இல்ல. இப்போ சதவீதம் பாத்தா அ 67, ஆ 17, இ 17. ஆவும் இயும் பாதியா விழுந்துடுச்சுன்னு டி-டெஸ்ட் சொல்லும், அது உண்மையே இல்ல! ஆனா ஆவை இயால வகுத்துப் பாருங்க, முன்னாடியும் 1, இப்பவும் 1. விகிதத்துலதான் உண்மை நிக்குது. புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897லயே இந்தப் பொய்த் தொடர்பைப் பத்தி எச்சரிச்சிருக்கார், 1980கள்ல அயிட்சிசன் லாக் விகித முறையைக் கொண்டுவந்தார். சிஎல்ஆர் அதுல ஒண்ணு: ஒவ்வொரு எண்ணையும் அந்த சாம்பிளோட பெருக்கல் சராசரியால (n எண்களையும் பெருக்கி, அதோட n-ஆவது மூலம்) வகுத்து லாக் எடுக்கணும். ஜீரோவுக்கு லாக் கிடையாதுன்னு 0.5 சேர்ப்பாங்க, ஆனா 8,000 ரீட்ல 0.5ம் 90,000 ரீட்ல 0.5ம் ஒண்ணு இல்ல, அதை மனசுல வைங்க.

பதில் 2:
பி-வேல்யூ (நிஜ வித்தியாசம் இல்லேன்னாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) கரெக்‌ஷன் போட்டீங்களா? 600 டெஸ்ட் போட்டா, ஒரு வித்தியாசமும் இல்லேன்னாலும் 0.05 அளவுல 30 சும்மாவே வரும். ரொம்ப கொஞ்ச சாம்பிள்ல மட்டும் தலைகாட்டற பாக்டீரியாவை முதல்லயே கழிச்சிடுங்க, அப்புறம் பெஞ்சமினி-ஹாக்பெர்க் (நிறைய டெஸ்ட் போடறப்ப வர்ற பொய் முடிவுகளைக் கட்டுப்படுத்தற திருத்தம்) போடுங்க. 2022ல, குழுக்களுக்கு நடுவுல வித்தியாசப்படற பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கிற 14 முறைகளை 38 டேட்டாசெட்ல ஓட்டிப் பாத்த ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரே டேட்டாவுக்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பட்டியல் குடுத்துச்சு. அதுல ஆல்டெக்ஸ்2, ஆன்காம்-2 ரெண்டும்தான் ஓரளவு நிலையா இருந்துச்சு. நான்னா ரெண்டையும் ஓட்டி, ரெண்டுலயும் வர்றதை மட்டும்தான் எழுதுவேன்.

கேட்டவர்:
கரெக்‌ஷன் போடவே இல்ல. இப்போ கழிச்சிட்டு ஆல்டெக்ஸ்2 ஓட்டினேன், 70 போய் 5தான் நிக்குது. மனசு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

பதில் 1:
அந்த 5 வலுவான 5. இன்னும் ஒண்ணு, நோயாளி சாம்பிள் எல்லாம் ஒரு சீக்வென்சிங் ரன்லயும் (மெஷின்ல ஒரு தடவை ஓட்டறது) மத்தவங்க சாம்பிள் வேற ரன்லயும் போச்சா? அப்படிப் போயிருந்தா எந்த முறையாலயும் நோயையும் ரன்னையும் பிரிச்சுக் காட்ட முடியாது. லேப் நோட்டைப் பாத்துட்டு சொல்லுங்க.