புதுப்பிப்பு: 2 ஜிபி ராம் லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ் (இயங்குதளம்)?

அப்பாவின் பழைய லேப்டாப்புக்கு (2 ஜிபி ராம், 64-பிட்) எது ஒத்துவரும் என்று கேட்டிருந்தேன். லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் என்ற இரண்டு இலகுவான லினக்ஸ் ஓஎஸ்களைச் சொன்னீர்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு ஆன்டிஎக்ஸ் போட்டுவிட்டேன். லுபுண்டு பார்க்க அழகு, பழகவும் எளிது. ஆனால் பிரவுசரைத் திறந்ததுமே திணறியது. ஆன்டிஎக்ஸில் ஐஸ்டபிள்யூஎம் (ஜன்னல்களைக் கையாளும் சிறிய மென்பொருள்) மட்டும் ஓடுவதால் ராம் நிறையவே மிஞ்சுகிறது.

உண்மையில் ராமை அதிகம் தின்பது பிரவுசர்தான், ஓஎஸ் அல்ல. அதனால் லினக்ஸின் இசட்ராம் வசதியைப் போட்டேன். ராமில் இருப்பதையே சுருக்கி வைக்கும்; ஹார்ட் டிஸ்க்கை ஸ்வாப்புக்காக (ராம் போதாதபோது டிஸ்க்கில் எழுதி வைப்பது) போட்டு உருட்டுவது குறைந்தது. கூடவே பிரவுசரில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின். இப்போது நாலைந்து டேப் தாராளமாகத் தாங்குகிறது. முடிந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி மாற்றுங்கள், அதைவிடப் பெரிய வித்தியாசம் வேறில்லை.

தமிழ் எழுத்துரு, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் இரண்டையும் தனியாக நிறுவினேன். அப்பா தினமும் செய்தி படிக்கிறார், எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

32-பிட் இயந்திரம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: ஆன்டிஎக்ஸுக்கு அடிப்படையான லினக்ஸ் டெபியன்; அதன் 13-ஆம் பதிப்பில் 32-பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாது. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் 32-பிட் பதிப்பைப் பாருங்கள்.