பக்கத்து வீட்டை ஒட்டி 12 அடி பள்ளம்: ஜேசிபி விட்டு எடுக்கலாமா, முதலில் பைல் போட வேண்டுமா?

கிரவுண்டு_2400:

சென்னை மடிப்பாக்கத்தில் 40க்கு 60 மனை. பழைய வீட்டை இடித்தாயிற்று. கீழே கார் நிறுத்த பேஸ்மென்ட், மேலே மூன்று மாடி. பேஸ்மென்ட்டுக்கு 32க்கு 50 அளவில் 12 அடி ஆழம் எடுக்க வேண்டும். லிப்ட் குழிக்கு மட்டும் இன்னும் 5 அடி.

மண் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறது. மேலே 3 அடி சவுடும் இடிபாடும். அங்கிருந்து 13 அடி வரை களிமண், என்-மதிப்பு (மண்ணின் கெட்டியைக் காட்டுகிற எண்) 4 முதல் 6. அதற்குக் கீழே சிதைந்த பாறை, அங்கே 50ஐத் தாண்டிவிட்டது. தண்ணீர் 6 அடியில் நிற்கிறது (மே மாதம் பார்த்தது).

கிழக்கே பழைய ஓட்டு வீடு. எங்கள் பள்ளத்தின் விளிம்பிலிருந்து அவர்கள் சுவர் ஐந்தரை அடி தூரம். கருங்கல் அஸ்திவாரம், 4 அடி ஆழம்தான் என்கிறார்கள். மேற்கே காலி மனை, உரிமையாளர் நல்ல மனிதர், தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். தெற்கே தெரு. வடக்கே 8 அடி இடம் விட்டுக் காம்பவுண்டு.

ஒரு கான்ட்ராக்டர் ஜேசிபி விட்டு மூன்றே நாளில் எடுத்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் இரும்பு ஷீட் பைல் (மண்ணைத் தடுக்க வரிசையாக இறக்குகிற தகடு) அடிக்கச் சொல்கிறார். எஞ்சினியர் நான்கு பக்கமும் கான்கிரீட் பைல் (நிலத்துக்குள் வார்க்கிற தூண்) என்கிறார், அந்த எஸ்டிமேட்டைப் பார்த்தால் முதல் மாடியை மறந்துவிட வேண்டியதுதான். யார் சொல்வதைக் கேட்பது?

கோவை_மேஸ்திரி:

எங்க பக்கம் 12 அடி பள்ளமெல்லாம் நேர்குத்தாகத்தான் எடுக்கிறோம், சார். ஜேசிபி, நாலு டிப்பர், வேலை முடிந்தது. ஒரு சுவரும் விழுந்ததில்லை. பைல் எல்லாம் பில்லை ஏற்றுகிற வேலை.

பழைய_சைட்காரர்:

கோவைத் தம்பி சொல்வது அவர் ஊர் செம்மண்ணுக்கும் சுக்கானுக்கும் சரி. அங்கே தண்ணீர் எங்கோ அடியில் கிடக்கும். மடிப்பாக்கம் களிமண்ணுக்கு அது பொருந்தாது.

என்-மதிப்பு 5 என்றால் என்னவென்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்கியது என்ற கணக்கு அது. ஐந்தே அடி வாங்கிக் குழாய் இறங்கிவிடுகிற களிமண்ணில் ஒரு குணம் உண்டு. வெட்டிய அன்றைக்கு சுவர் மாதிரி நேராக நிற்கும். மூன்று நாள் வேலை என்று சொல்கிறவர் அந்த மூன்று நாளுக்குத்தான் பொறுப்பு. அவர் பில் வாங்கிப் போன பிறகு, விளிம்பிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, பள்ளத்துக்கு இணையாக முடி அளவு ஒரு கீறல் ஓடும். முதலில் யார் கண்ணிலும் படாது. ஒரு மழை பெய்து அதில் தண்ணீர் இறங்கினால் அந்தப் பட்டை முழுசாகப் பெயர்ந்து உள்ளே வந்துவிடும். உங்கள் கதையில் அந்தப் பட்டைக்குப் பின்னால் ஓட்டு வீடு நிற்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்களுக்குப் பக்கத்திலேயே, வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில், கட்டடத்துக்குத் தோண்டியிருந்த பெரிய பள்ளத்தின் ஓரம் சரிந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். உங்கள் பள்ளம் அதைவிடச் சின்னது, ஒப்புக்கொள்கிறேன். மழை அதே மழைதான்.

சரி, எந்த முறை? நீங்கள் மூன்று பேரிடம் கேட்டீர்கள், மூவரும் முழுப் பள்ளத்துக்கும் ஒரே வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளியே என்ன நிற்கிறதோ அதைப் பார்த்து முறையை மாற்றுங்கள்.

மேற்கே காலி மனை. பைலே வேண்டாம். படிப்படியாகவோ சாய்வாகவோ வெட்டுங்கள், வேலை முடிந்ததும் மண்ணைத் திருப்பிப் போட்டு நன்றாகக் கெட்டித்துக் கொடுத்துவிடுங்கள். வாய்ச்சொல் போதாது, ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே இருக்கிற 8 அடியில் பாதி ஆழத்தில் ஒரு படி விட்டு வெட்டலாம், வெளியே பாரம் எதுவும் இல்லை. மே மாதத்துக்கு அப்புறம் தண்ணீர் ஏறியிருந்தால் அந்தச் சாய்வை இன்னும் படுக்க வைக்க வேண்டியிருக்கும்.

கிழக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அவர்கள் அஸ்திவாரம் 4 அடியில், உங்கள் அடித்தளம் 12 அடியில். வித்தியாசம் 8 அடி, இடைவெளி ஐந்தரை. அவர்கள் அஸ்திவாரத்தின் அடியிலிருந்து 45 டிகிரியில் ஒரு கோடு இழுத்தால் அது உங்கள் பள்ளத்தின் சுவரை வெட்டிக்கொண்டு போகும். அதாவது நீங்கள் எடுக்கப்போகிற மண்ணில் ஒரு பகுதி அவர்கள் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிற மண். அங்கே மண் எடுப்பதற்கு முன்னாலேயே பைல் இருக்க வேண்டும். துளை போட்டு வார்க்கிற பைல், நெருக்கமாக, சிதைந்த பாறைக்குள் கால் ஊன்றி நிற்கிற மாதிரி, தலையில் ஒரு பீம். எவ்வளவு விட்டம், பாறைக்குள் எவ்வளவு ஆழம் என்பதை உங்கள் எஞ்சினியர் கணக்குப் போடட்டும்.

ஷீட் பைல் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதைப் பெரும்பாலும் அதிர்வு கொடுத்துத்தான் இறக்குவார்கள். ஓட்டு வீட்டுக்கு அந்த அதிர்வு போதும். அப்புறம் 13 அடியில் பாறையில் முட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கும்.

தெற்கே தெரு. மெஷின் தொடுவதற்கு முன்னால் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து ஆட்களால் இரண்டு மூன்று இடத்தில் குழி எடுத்துப் பாருங்கள். ஈபி கேபிள், தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை எது எங்கே போகிறது என்று அப்போதுதான் தெரியும். அந்தப் பக்கம் சரியாமலிருக்க என்ன முட்டு என்பது குழாய் கிடக்கிற தூரத்தைப் பொறுத்தது.

மெஷின் விஷயம். ஹிட்டாச்சியை (பெரிய மண் தோண்டும் மெஷின்) உள்ளே இறக்கி வேலை செய்யலாம் என்று சொல்வார்கள். 12 அடி இறங்க, ஒன்றுக்கு நாலு சரிவு வைத்தாலும் 48 அடி நீளம் வேண்டும். உங்கள் மனையே 60 அடிதான், சரிவே பள்ளத்தைத் தின்றுவிடும். மேலே நின்றபடி வடக்கிலிருந்து எடுத்துக்கொண்டே தெருப் பக்கம் பின்வாங்கி வருவதுதான் வழி. ஜேசிபிக்கு 12 அடி எட்டும். ஆனால் கிழக்கு விளிம்பில் அது நிற்கக் கூடாது. ஏழு டன்னுக்கு மேல் எடை.

மண் கணக்கும் போட்டுவிடுங்கள். 32, 50, 12 பெருக்கினால் 19,200 கன அடி, யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 192 யூனிட். மேற்கே சாய்வாக வெட்டுகிற மண் இதில் சேரவில்லை. களிமண் வெட்டினால் உப்பும், கால் பங்கு சேர்த்தால் 240. மூன்று யூனிட் டிப்பரில் 80 நடை. மடிப்பாக்கத்துச் சந்துகளில் 80 நடை மூன்று நாளில் எப்படிப் போகும் என்று அந்த கான்ட்ராக்டரிடம் கேட்டுப் பாருங்களேன். முடியாதபோது என்ன செய்வார்? மண்ணைப் பள்ளத்தின் ஓரத்திலேயே குவிப்பார். மத்திய பொதுப்பணித் துறை விதிப்படி விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது பள்ளத்தின் பாதி ஆழம், எது அதிகமோ அவ்வளவு தள்ளித்தான் குவிக்கலாம். உங்களுக்கு 6 அடி. அதே விதியில், ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் சரிவாக வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். முட்டில்லாத நேர்குத்துக்கு அங்கே இடமே இல்லை.

கடைசியாக, தோண்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டின் எல்லாச் சுவரையும் அவர்கள் முன்னிலையில் வீடியோ எடுங்கள். இருக்கிற விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். காலை டீக்கு முன்னால் யாராவது ஒருவர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும்.

கிரவுண்டு_2400:

ரொம்ப நன்றி, ஐயா. ஒரு பக்கத்துக்கு மட்டும் பைல் என்றால் பட்ஜெட் தாங்கும். இரண்டு கேள்வி. இப்போது செப்டம்பர், உடனே ஆரம்பித்தால் மழைக்கு முன் முடியுமா? லிப்ட் குழி பாறைக்குள் போகிறதே, வெடி வைக்க வேண்டியிருக்குமா?

பழைய_சைட்காரர்:

முடியாது, தம்பி. பைல் போட்டு கான்கிரீட் இறுகுவதற்குள் அக்டோபர் வந்துவிடும். இப்போது பைல் மட்டும் போட்டு வைத்துவிட்டு, பொங்கலுக்கு அப்புறம் மண் எடுங்கள்.

குடியிருப்புக்கு நடுவில் வெடி என்ற பேச்சே வேண்டாம். சிதைந்த பாறை பெரும்பாலும் சின்ன பிரேக்கருக்கே வந்துவிடும். நடுவில் கெட்டிக் கல் மாட்டினால் துளை போட்டு, தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற கிராக் பவுடர் இருக்கிறது. சுண்ணாம்பு வகைதான், உப்பி உப்பிப் பாறையைப் பிளக்கும், ராத்திரி ஊற்றினால் மறுநாள் விரிசல் தெரியும். ஊற்றின துளையை மட்டும் யாரும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது, சில நேரம் கலவை பீறிட்டு மேலே அடிக்கும், கண் போய்விடும்.

பேஸ்மென்ட்_வேண்டாமே:

நான் கட்டட வடிவமைப்பு செய்கிறவள். சைட்காரர் ஐயா சொன்னதில் மறுப்பில்லை, அவர் தொடாத ஒன்று தண்ணீரின் தூக்கு விசை. மழைக்காலத்தில் மடிப்பாக்கத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கே வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 12 அடி என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3.6 டன் கீழிருந்து மேலே தள்ளும். ஒரு அடி கனத்துக்கு ராப்ட் (அடித்தளம் முழுக்கப் பரவிய ஒரே கான்கிரீட் பலகை) போட்டாலும் அதன் எடை முக்கால் டன்தான். மேலே போதுமான மாடி ஏறும்வரை பம்ப்பை நிறுத்தினால் பேஸ்மென்ட் மிதக்கப் பார்க்கும்.

பம்ப் விஷயத்தில் இன்னொன்று. வெளியேற்றுகிற தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். அடியில் மண் படிந்திருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கீழே இருக்கிற மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறீர்கள் என்று அர்த்தம். அப்படியானால் பம்ப் குழியைச் சுற்றி ஜல்லியும் வடிகட்டித் துணியும் போடாமல் மேலே போகாதீர்கள்.

என் யோசனை: தரைத்தளத்தைத் தெருவிலிருந்து நாலரை அடி உயர்த்தி, அரை பேஸ்மென்ட் ஆக்கிவிடுங்கள். பள்ளம் ஏழரை அடியில் நின்றுவிடும். அவர்கள் அஸ்திவாரத்துக்கும் உங்கள் அடித்தளத்துக்கும் வித்தியாசம் மூன்றரை அடி, இடைவெளி ஐந்தரை. அந்த 45 டிகிரி கோடு உங்கள் பள்ளத்துக்கு அடியில் போய்விடும். வண்டி இறங்குகிற சரிவின் வாயில் தெருவைவிட உயரமாக ஒரு மேடு வைத்தால் வெள்ளமும் சுலபத்தில் உள்ளே வராது. உயர விதிக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பிளான் போட்டவரிடம் கேளுங்கள்.

பழைய_சைட்காரர்:

அம்மா சொல்வது பட்ஜெட்டுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்கும் நல்லது. ஏழரை அடி என்றால் கிழக்கே நான் சொன்ன பைல் தேவைப்படாது. ஆனால் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். நடுப்பகுதியை முதலில் எடுங்கள், கிழக்கு ஓரம் மண் சாய்வாக அப்படியே இருக்கட்டும். நடு ராப்ட் போட்ட பிறகு, அந்தச் சாய்வை ஐந்தைந்து அடிப் பட்டைகளாக, ஒன்றுவிட்டு ஒன்று வெட்டி, முட்டுக் கொடுத்து, அங்கங்கே தடுப்புச் சுவரை வார்த்துக்கொண்டே போங்கள். பக்கத்துப் பட்டைக்கான கம்பியை வெளியே நீட்டி விடச் சொல்ல மறக்காதீர்கள், மேஸ்திரிகள் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.