கிட் – ஹாரிஸ் ட்ரேட்: இன்னும் மனதை அரிக்கும் வாக்குவாதம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்

வடஜெர்சி:

கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் நேராக வருகிறேன். 2008 பிப்ரவரி. NBA கூடைப்பந்தில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொண்ட அந்த ட்ரேடில் ஜேசன் கிட் டாலஸுக்கு, டெவின் ஹாரிஸ் எங்கள் நியூ ஜெர்சி நெட்ஸுக்கு. இருவரும் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்கள். நான் அப்போது நியூவர்க்கில் வேலை பார்த்தேன். எங்கள் கட்டடத்து வாசல் மேசையில் ஒரு பெரியவர் காவலுக்கு இருப்பார். ஜூலியஸ் எர்விங் நெட்ஸுக்கு ஆடிய காலத்திலிருந்தே ரசிகர். டாலஸ் ஆட்டக்காரர் டெவியன் ஜார்ஜ் தன்னை அனுப்பச் சம்மதிக்காததால் ட்ரேட் நின்றுபோன அந்தச் சில நாட்கள் அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். 19ஆம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது.

நான் ஹாரிஸ் கட்சி. 34 வயதாகி, என்னை அனுப்பிவிடுங்கள் என்று தானே வாய்விட்டுக் கேட்ட ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பதிலுக்கு 25 கூட நிரம்பாத, பந்தோடு அப்படி ஓடுகிற ஒரு பையன். கூடவே இரண்டு முதல் சுற்று பிக் (டிராஃப்டில் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை), 30 லட்சம் டாலர் ரொக்கம். இதையெல்லாம் அவரிடம் தினமும் சொல்வேன். தலையை மட்டும் ஆட்டுவார்.

அடுத்த வருடம் ஹாரிஸ் சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். ஆட்டத்துக்கு 21.3 புள்ளி. அப்புறம் 2009 பிப்ரவரி 23, பிலடெல்பியாவுடன் ஆட்டம். கடைசி நொடியில் பந்து கையை விட்டு நழுவி, மறுபடி பிடித்து, பாதி மைதானத்திலிருந்து வீசினாரே, அது. நடுவர்கள் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுச் செல்லும் என்றார்கள். ஜெயித்துவிட்டோம். மறுநாள் காலை கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் மேசைக்குப் போய் நின்று, "இப்போ என்ன சொல்றீங்க?" என்றேன்.

"நல்ல ஷாட். கிட் இருந்திருந்தா அந்த ஷாட்டே தேவைப்பட்டிருக்காது" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது நியாயமா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

டர்க்41:

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அது நியாயம் என்று டாலஸில் இருந்த எங்களுக்கே புரிய மூன்று வருடம் ஆனது.

2008 பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்டத் தொடர்கள்), நியூ ஆர்லியன்ஸுடன் முதல் சுற்று. அவர்களுடைய கார்டு கிறிஸ் பால் முதல் ஆட்டத்தில் 35 புள்ளி, இரண்டாவதில் 32 புள்ளி, 17 அசிஸ்ட் (புள்ளியாக மாறும் பாஸ்). அந்த இரண்டாவது ஆட்டத்தை ரிச்சர்ட்சனில் ஒரு உணவகத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் ஹாரிஸின் பழைய 34ஆம் எண் சட்டையோடு ஒருவர், தன் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். பால் கிட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் எங்கள் மேசையைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள்தான் சத்தமாக கிட் புகழ் பாடிக்கொண்டிருந்தோம். கடைசியில் எழுந்து வந்து, கோபமே இல்லாமல், "2006இல் டோனி பார்க்கரை யார் மடக்கினது? அந்தப் பையன் இப்போ எங்கே?" என்று கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை. 2006இல் பார்க்கரின் சான் அன்டோனியோவோடு ஆடிய தொடரின் நடுவில் ஹாரிஸை ஆரம்ப ஐவரில் சேர்த்த பிறகு அந்தத் தொடரே மாறியது எங்களுக்கும் தெரியும்.

4-1 என்று தோற்றோம், பயிற்சியாளர் ஏவரி ஜான்சன் வேலை போனது. போவதற்கு முன் அவர் செய்ததை நான் மன்னிக்கவே மாட்டேன். வந்து இறங்கிய சூட்டில், சான் அன்டோனியோவில் கைக்கெட்டிய ஆட்டத்தின் கடைசி நொடிகளில் கிட்டை பெஞ்சில் உட்கார வைத்தார். அவ்வளவு விலை கொடுத்து ஒருவரை வாங்குவதே அந்த நொடிகளுக்குத்தான். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரை வாங்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் பெஞ்சிலிருந்து கூவி ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தால் எப்படி? புதுப் பயிற்சியாளர் ரிக் கார்லைல் வந்து பொறுப்பை கிட் கையில் விட்ட பிறகுதான் நாங்கள் வாங்கியது என்ன என்பதே தெரிந்தது. 2011 ஜூன் 12, மயாமியில் இறுதித் தொடர், 105-95, நாங்கள் சாம்பியன். கிட்டுக்கு 38 வயது. எதிரே மயாமியின் நட்சத்திரங்கள் லெப்ரான், வேட், பாஷ்.

அந்த 34ஆம் எண் சட்டைக்காரரை மறுபடி பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும். தர்க்கம் பண்ணுவதற்கு அல்ல. அன்று இரவு அவர் எங்கே இருந்து பார்த்தார் என்று கேட்க.

ஆறாவது ஆள்:

டர்க்41, 2011ஐக் காட்டி 2008ஐ நியாயப்படுத்தும் வழக்கத்தை எங்கே பார்த்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. ஜெர்சி சிட்டியில் நான் முடிவெட்டப் போகும் கடையில் இதே வாதத்தை ஒருவர் வைத்தார், நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்தபடியே சண்டை போட்டேன். முடிவெட்டுபவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அங்கே சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

டைசன் சாண்ட்லர் 2010 கோடையில்தான் வந்தார். ஷான் மேரியன் 2009இல். அந்த இரண்டு பேரும் இல்லாமல் அந்த அணிக்குத் தடுப்பாட்டமே கிடையாது. இறுதித் தொடரில் மயாமியைத் திணறடித்ததில் பெரிய பங்கு ஹோசே பரேயாவுக்கு, அவர் டிராஃப்டிலேயே தேர்வாகாதவர். டாலஸின் பெரிய நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கி இருந்தார், ஜேசன் டெர்ரி இருந்தார். ஹாரிஸை வைத்துக்கொண்டே இந்த அணியைக் கட்டியிருக்க முடியாது என்று யாராவது நிரூபிக்கட்டும்.

இன்னொன்று. 2007இல் 67 ஆட்டம் ஜெயித்த அணி அது. கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றில் விழுந்த அவமானத்தில் எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று செய்த ட்ரேட். டாலஸ் கொடுத்த பெயர்களைப் பாருங்கள். ஹாரிஸ், டியோப், ஹாசல், ஏகர், அப்புறம் 2006க்குப் பிறகு ஆடவே ஆடாத கீத் வான் ஹார்ன். சம்பளக் கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக, வீட்டில் இருந்தவரை அழைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். கிட் வாங்கிய கிட்டத்தட்ட 2 கோடி டாலர் சம்பளத்துக்கு ஈடுகட்ட அவ்வளவு பாடு. இதை யோசித்துச் செய்த திட்டம் என்று எனக்குச் சொல்லாதீர்கள்.

இர்விங் மீனா:

என் அனுபவம் சின்னது. 2008இல் மாமா மதுரையிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். கூடைப்பந்து அவருக்குப் புதுசு. என் மகன் பள்ளியில் கார்டு ஆடுவான், ஹாரிஸ் என்றால் உயிர். ட்ரேட் நடந்த அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டான். மாமா டிவியில் கிட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவர் ஓடவே மாட்டேங்கிறாரே, இவருக்காகவா பிள்ளை அழுகிற பையனைக் கொடுத்தாங்க?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

2011இல் மறுபடி வந்தார். பிளேஆஃபில் ஓக்லஹோமாவோடு நான்காவது ஆட்டம். ஐந்து நிமிஷம் இருக்கும்போது 15 புள்ளி பின்னால். மகன் அறைக்குப் போய்விட்டான், நானும் சமையலறைக்குப் போய்விட்டேன். மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். டர்க் ஆட்டத்தை ஓவர்டைமுக்குக் கொண்டுபோன பிறகு நாங்கள் எல்லாரும் திரும்பி வந்தோம். 105-105. கிட் கையில் பந்து. எதிரே பாய்ந்து வந்தவரை ஒரு பொய் அசைவில் மேலே பறக்கவிட்டுவிட்டு, அவர் இறங்கும்வரை காத்திருந்து போட்டார் பாருங்கள் அந்த மூன்று புள்ளி. மாமா என் மகனிடம், "டேய், ஓட வேண்டிய அவசியமே இல்லடா இவருக்கு" என்றார். மகன் பதில் சொல்லாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷமா, வலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதுதான் இன்னும் மனதில் இருக்கிறது. அவன் ஹாரிஸ் சட்டையை நாங்கள் யாரும் தூக்கிப் போடவில்லை.

பிளேனோ கோச்:

நானும் அந்த ஓக்லஹோமா ஆட்டத்தை வீட்டில்தான் பார்த்தேன், நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் சிலரோடு. கிட் அந்தப் பொய் அசைவு செய்ததும் ஒரு பையன் "அங்கிள், நாமும் இதைப் பழகலாமா" என்று கேட்டான். அவ்வளவுதான் என் கதை.

மீனா அவர்களே, உங்கள் மகனைப் பற்றிச் சொன்னதால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கார்டு ஆடும் பிள்ளைகள் எல்லாருமே ஹாரிஸைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். வேகம் கண்ணுக்குத் தெரியும், வேகம் புள்ளியாக மாறுவதும் தெரியும். அதைத் தடுக்காதீர்கள். ஆனால் பயிற்சியில் பாதி நேரம் ஓடாமல் ஆட வையுங்கள். நடந்தபடி பந்தைத் தட்டச் சொல்லுங்கள், தலையைத் தூக்கி நான்கு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். பாஸ் கொடுக்கும்போது ஆள் நிற்கும் இடத்துக்குக் கொடுக்கக் கூடாது, போகப்போகிற இடத்துக்குக் கொடுக்க வேண்டும். கிட் ஆயுள் முழுக்கச் செய்தது இது ஒன்றைத்தான்.

அடுத்து ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது. பாயின்ட் கார்டு ரீபவுண்ட் எடுத்தால் பந்தை யாரிடமும் வாங்கக் காத்திருக்க வேண்டாம், எதிரணி திரும்புவதற்குள் பாதி மைதானம் தாண்டிவிடலாம். கிட்டின் 107 ட்ரிபிள்-டபுளும் (ஒரே ஆட்டத்தில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம்) அங்கேதான் தொடங்குகின்றன. உயரம் போதாது என்று பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. பந்து வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் விழும் என்று ஊகிக்கப் பழக்குங்கள். நீளமான ஷாட் தவறினால் நீளமாகத்தான் துள்ளும்.

மூன்றாவது ஷாட். இளம் வயதில் கிட்டுக்குத் தூர ஷாட் கிடையாது, முதல் வருடம் மூன்று புள்ளி முயற்சிகளில் 27 சதவீதம்தான் விழுந்தது. 2009-10இல் 42.5. முப்பதைத் தாண்டிய ஒருவர் தன் ஷாட்டை இவ்வளவு திருத்தியிருக்கிறார். கால் வேகம் போகும், அதற்குள் கையில் ஷாட் வந்துவிட வேண்டும். தினமும் ஒரே இடத்திலிருந்து, மூலையிலிருந்து தொடங்கி, உடம்பு களைத்த பிறகு போடச் சொல்லுங்கள். களைப்பில் விழும் ஷாட்தான் ஆட்டத்தில் விழும். முழங்கால் வலி என்றால் அன்று வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

இர்விங் மீனா:

நன்றி கோச். மகனுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. அவனுக்கு அனுப்பிவிட்டேன், ஷாட் பற்றி எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்தேன் என்றான்.

வடஜெர்சி:

ஆறாவது ஆள், கிட்டைக் கொடுத்து இளைஞரை வாங்குவது இது முதல் தடவை இல்லை என்பதை மறந்துவிட்டீர்கள். 2001இல் ஃபீனிக்ஸ் என்ன செய்தது? 28 வயது கிட்டைக் கொடுத்து 24 வயது ஸ்டெஃபான் மார்பரியை வாங்கியது. முந்தைய வருடம் 26 ஆட்டம் ஜெயித்த நெட்ஸ், கிட் வந்ததும் 52 ஜெயித்து இறுதித் தொடருக்கே போனது. அடுத்த வருடமும் போனது. ஃபீனிக்ஸ் 51இலிருந்து 36க்கு இறங்கியது. இரண்டு தடவையும் வயதானவரை வாங்கிய பக்கம்தான் இறுதித் தொடரைப் பார்த்தது. வாசல் மேசைப் பெரியவர் 2001இலும் அதே நாற்காலியில் இருந்தவர். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இதை எழுதும்போது கொஞ்சம் விளங்குகிறது.

ஆனாலும் ஹாரிஸை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2009-10இல் 18 ஆட்டம் தொடர்ந்து தோற்று ஆரம்பித்து 12 வெற்றி, 70 தோல்வியில் முடிந்த அந்த அணியில் அவரைத் தனியாக விட்டது அவர் குற்றமில்லை. பக்கத்தில் டர்க் நின்றிருந்தால் அவரும் வேறு ஆள்.

ஆறாவது ஆள்:

2001இல் வாங்கிய கிட்டுக்கு வயது 28, அவரை வயதானவர் கணக்கில் சேர்ப்பது சரியில்லை. இதைக் கடையிலேயே சொன்னேன்.

நெட்ஸுக்குக் கிடைத்ததைப் பேசுவதென்றால் முழுக்கப் பேசுங்கள். 2008 பிக்கில் 21ஆவது இடத்தில் ரயன் ஆண்டர்சன் கிடைத்தார், நல்ல ஷூட்டர். ஒரே வருடத்தில் வின்ஸ் கார்ட்டரோடு சேர்த்து ஒர்லாண்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாரிஸ் 2011இல் டெரன் வில்லியம்ஸுக்கு ஈடாக யூட்டா போனார், கூடவே டெரிக் ஃபேவர்ஸும் பிக்குகளும். 2010 பிக் 27ஆவதாக விழுந்தது, அதையும் 31ஆவது பிக்கையும் அட்லாண்டாவிடம் கொடுத்து 24ஆவதான டேமியன் ஜேம்ஸை எடுத்தார்கள். ட்ரேட் அவ்வளவு மோசமில்லை. கிடைத்ததை யாரும் கையில் வைத்திருக்கவில்லை.

டர்க்41:

டியோப்பை விட்டுவிட்டீர்கள். அவர் 2008 கோடையிலேயே ஒப்பந்தம் முடிந்து எங்களிடம் திரும்பி வந்துவிட்டார். ஹாரிஸும் 2013இல் டாலஸுக்கே வந்தார். அவர் திரும்பி வந்த காலத்து ஆட்டம் யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள், அரங்கம் அவரை எப்படி வரவேற்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.